கொதிகலன் அறையில் ஆறு ஐம்பத்தெட்டு

நிதானத்தின் அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. அலுவலகம் என்பது மரியாதைக்காகச் சொல்வது. ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், சூட்டைவிடச் சத்தத்தை அதிகம் தரும் ஒரு ஹீட்டர். முப்பது வருடம் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீ விபத்துகளைத் துருவிப் பார்த்து ஓய்வு பெற்றபின், இப்போது தனியாகத் துப்பறிகிறவர். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். அவருடைய உதவியாளர் அவர் மனைவியின் தம்பி, ஐம்பத்திரண்டு வயது. இவர் அவசரப்படாமல் யாரும் பார்த்ததில்லை. முறை இருப்பவர், இல்லாதவர் எல்லோருக்கும் அவர் ‘மச்சான்’தான்.

அன்று புதன்கிழமை. காலை பதினொரு மணிக்கு ஒரு பெண் படியேறி வந்தார். கோட்டுத் தோளில் பனித்துகள், விரல் நுனிகளில் தையல் சுண்ணாம்பு. உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

“இன்னிக்கு நாலு மணிக்கு என் வீட்டுக்காரர் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போடப் போறார் சார். அதை நிறுத்தணும்.”

“எந்தப் பேப்பர்?” என்று நிதானம் கேட்பதற்குள் மச்சான் நோட்டைத் திறந்து தேதி போட்டு, வந்தவரைச் சந்தேகத்தோடு ஒரு பார்வையும் பார்த்துவிட்டார். யார் முதலில் வந்தாலும் முதல் சந்தேகம் அவர் மேல்தான். அது அவருடைய கொள்கை.

தையல்காரப் பெண் சொன்னது இது. அவர் கணவர் ஒரு முதியோர் இல்லத்தில் கொதிகலன் இயக்குபவர். இரவு முழுக்க அவர், காலை ஏழு மணிக்கு இன்னொருவர். ஒன்பது நாளைக்கு முந்தைய திங்கட்கிழமை காலையில் பர்னர் அணைந்துவிட்டது. குழாய்களில் மிச்சமிருந்த சூடு ஒரு மணி நேரம் தாங்கியது. அதற்குமேல் மேற்குப் பக்கத்துப் பதினான்கு அறைகளும் ஐஸ் பெட்டி ஆகிவிட்டன. ஒன்பது நாற்பத்தொன்றுக்குத்தான் யாரோ கவனித்து மறுபடி பற்ற வைத்தார்கள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறி, இன்னும் மருத்துவமனையில் கிடக்கிறார்.

“கம்ப்யூட்டர்ல பதிவாயிருக்கு சார். ஆறு அம்பத்தெட்டுக்குக் கையால நிறுத்தியிருக்குன்னு. கேட் ரிஜிஸ்டர்ல பாத்தா, காலை ஆள் உள்ள வந்தது ஏழு மணி. இவர் வெளிய போனது ஏழு ஒண்ணு. ஆறு அம்பத்தெட்டுக்கு அந்த ரூம்ல இவர் மட்டும்தான்.”

“அப்போ அவர்தானே அணைச்சிருக்கார்!” என்றார் மச்சான், கணக்கை முடித்துவிட்ட மகிழ்ச்சியில்.

“மச்சான்,” என்றார் நிதானம்.

“இல்ல அத்தான், வேற ஆளே இல்லையே...”

“இவரும் அதையேதான் சொல்றார்,” என்றார் அந்தப் பெண். அப்போதுதான் உட்கார்ந்தார். “முதல் நாள் ‘நான் செய்யல’ன்னார். மறுநாள் ‘செஞ்ச மாதிரி ஞாபகம் இல்ல’ன்னார். இப்போ ‘கம்ப்யூட்டர் எதுக்குப் பொய் சொல்லப் போகுது, என் கைதான் என்னை அறியாம அழுத்தியிருக்கு’ங்கறார். இருபத்தோரு வருஷ வேலை சார். நேத்து குழாயில வெந்நீர் திறக்கக்கூட என்னைக் கூப்பிட்டார். தன் கையை நம்பமாட்டேங்கறார். கையெழுத்துப் போட்டா வேலை போகும், இயக்குற லைசென்ஸும் போகும். போனாப் போகட்டும், நான் தைச்சுச் சோறு போடறேன். ஆனா, தான்தான் அந்தம்மாவைக் கொல்லப் பாத்தேன்னு எழுதிக் கொடுத்துட்டு ஒரு மனுஷன் எப்படி உயிரோட இருப்பான்?”

மச்சான் பேனாவை மூடினார். வாய் நீளமே ஒழிய, இளகிய மனசு. ஒரு டம்ளர் சூடான டீயை அவர் பக்கம் நகர்த்தினார். அது தனக்காக வைத்திருந்தது.

அந்தப் பெண் இரண்டு பொருட்கள் கொண்டுவந்திருந்தார். ஒன்று, கம்ப்யூட்டர் பதிவின் நகல். இன்னொன்று கணவரின் கைபேசி. “அணைச்சுப் போட்டுட்டார். வேலை செய்யறவங்க குரூப்ல யார் என்ன பேசறாங்களோன்னு பயம். முன்னாடியும் அதைப் பாக்கமாட்டார். ஒரு நாளைக்கு இருநூறு மெசேஜ். இவர் வீட்டுக்கு வந்து தூங்கற நேரத்துலதான் அவங்க கச்சேரியே ஆரம்பிக்கும்.”

நிதானம் முதலில் பதிவை விரித்தார்.

6:40 – வெளி வெப்பம் மைனஸ் 9
6:50 – வெளி வெப்பம் மைனஸ் 9
6:55 – கூரை உணரி: பனி விழத் தொடக்கம்
6:58 – பர்னர் நிறுத்தம், கையால்
7:00 – வெளி வெப்பம் மைனஸ் 9
7:20 – வெளி வெப்பம் மைனஸ் 8
7:30 – வெளி வெப்பம் மைனஸ் 8

இப்படியே போய், 9:41-ல் ‘பர்னர் தொடக்கம், கையால்’ என்று இருந்தது. கூரை மேல் பனி விழுந்தால் கண்டுபிடித்து, வாசல் நடைபாதையைச் சூடாக்கச் சொல்லும் கருவி ஒன்று உண்டு என்று அந்தப் பெண் விளக்கினார்.

“முந்தைய திங்கட்கிழமைகளோட பதிவு இருக்கா?”

இருந்தது. கவலைப்படுகிற மனைவி எதையும் விட்டுவைப்பதில்லை. ஒவ்வொரு திங்களும் ஏழு மணிக்குச் சற்றுப் பிறகு பர்னர் கையால் நிறுத்தப்பட்டு, சரியாகப் பத்து நிமிடத்தில் தானாகத் தொடங்கியிருந்தது.

“அது ஃபில்டர் சுத்தம் பண்றது. காலை ஆளோட வேலை. வாரம் ஒரு தடவை.”

நிதானம் ‘ம்’ என்றார். அவருடைய ‘ம்’முக்குப் பல அர்த்தங்கள் உண்டு என்று மச்சான் நம்பினார். பெரும்பாலும் அதற்கு ‘ம்’ என்றுதான் அர்த்தம்.

பிறகு கைபேசியைத் திறந்தார்கள். அந்தக் குரூப்பில் ஓயாமல் பேசுபவர் காலை நேரத்து ஆள்தான். தினமும் வெளியே எட்டிப் பார்த்து என்ன குளிர், என்ன காற்று என்று அறிவிப்பதால் எல்லோரும் அவரை ‘வானிலை’ என்று கூப்பிட்டார்கள். மச்சான் உரக்கப் படித்தார்.

“‘வணக்கம் வணக்கம்! இன்னிக்கு மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கோங்க, இருக்கான்னு.’ இது ஒரு வியாழக்கிழமை. அதுக்குச் சமையல் அக்கா, ‘உன் மூக்கு போனா ஊருக்கே நிம்மதி, எல்லாத்துலயும் அதை நுழைக்கிறே.’ அத்தான், இதுல என்ன துப்பு இருக்கு? சும்மா வெட்டி அரட்டை!”

“திங்கட்கிழமைங்களை மட்டும் படிங்க மச்சான்.”

“சரி. ரெண்டு வாரம் முன்னாடி, காலை ஏழு மூணு: ‘நம்ம பாய்லர் கம்ப்யூட்டர் மறுபடியும் அசந்துடுச்சு. பத்து நிமிஷம் லேட். குளிர்ல யாருக்குத்தான் எழுந்திருக்க மனசு வரும்? தட்டி எழுப்பிட்டேன்.’ அதுக்கு முந்தின வாரம், ஏழு நாலு: ‘இன்னிக்கு ஒன்பது நிமிஷம்தான். பொறுப்பு வந்துடுச்சு.’” மச்சான் நிமிர்ந்தார். “அத்தான்! கடிகாரம் தப்பு!”

“இல்ல சார்,” என்றார் அந்தப் பெண் சோர்வாக. “எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா அன்னிக்குப் பத்து மணிக்கு மேனேஜரே நேர்ல போய்ப் பாத்தாராம். கம்ப்யூட்டர் கடிகாரம் நொடி சுத்தமா சரியா இருந்துதாம்.”

மச்சான் காற்றுப்போன பலூன் மாதிரி நாற்காலியில் சாய்ந்தார். நிதானம் அந்தத் திங்கட்கிழமையைத் தானே படித்தார்.

7:06, வானிலை: “வந்தாச்சு! இந்த வருஷத்தோட முதல் பனி! இதோ என் கைமேல முதல் துகள். இந்த நிமிஷம், இந்த நொடி!” கூடவே கம்பளிக் கையுறையின் படம்.

7:07, சமையல் அக்கா: “ஆமாம்டா, ஜன்னல் வழியா பாக்கறேன். இப்பதான் ஆரம்பிக்குது. பால் பொங்கினா உன்மேலதான் பழி.”

7:12, சமையல் அக்கா: “உன் கம்ப்யூட்டருக்கு மணி சொல்லிட்டியா? பனியைப் பாத்ததும் மறந்திருப்பியே.”

7:14, வானிலை: “நல்லவேளை சொன்னே. சொல்லியாச்சு. இனி நானும் மண்வெட்டியும்தான். யாரும் தேடாதீங்க.”

நிதானம் கைபேசியை மேசைமேல் வைத்து, பதிவின் நகலை அதன் பக்கத்தில் இழுத்துச் சமமாக வைத்தார். வெகுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டார்.

“பஸ் எத்தனை மணிக்கு?”

கொதிகலன் அறை தரைக்குக் கீழே இருந்தது. எண்ணெய் வாசனை, சுவரில் கொக்கி போட்டு மாட்டிய குறடுகள், காலால் தேய்ந்த ஒரு ரப்பர் பாய். கொதிகலன் பக்கம் நெற்றி வியர்த்தது. நான்கடி தள்ளி, கம்ப்யூட்டர் இருந்த ஜன்னலோரம் விரல் விறைத்தது. ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் யாரோ பழைய சாக்ஸைத் திணித்திருந்தார்கள். திரையில் வெப்ப அளவு உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. மணி மட்டும் கீழ் மூலையில் எறும்பு அளவுக்கு.

வானிலை சிவப்புக் கம்பளிக் குல்லா போட்டிருந்தார். சிரிக்க வேண்டிய முகம். இப்போது சிரிப்பு இல்லாததால் யாரோ கழற்றி எடுத்துக்கொண்டு போனதுபோல் இருந்தது.

“இங்க குளிர் அதிகமோ?” என்றார் நிதானம், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்பதுபோல்.

“இந்தப் பக்கம் குளிர், அந்தப் பக்கம் நரகம். நடுவுல நின்னா சுகம் சார்.” பழக்கதோஷத்தில் வந்த வாக்கியம். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

“கடிகாரம் சரியா ஓடுதா?”

“ஓடுது சார். மேனேஜரே பாத்தாரே.”

“திங்கட்கிழமை ஃபில்டர் சுத்தம் பண்ணினீங்களா?”

நோட்டில் பண்ணியதாகக் குறி இருந்தது. வானிலை அதைக் காட்டினார். காட்டிவிட்டு அவசரமாகக் கையுறையை மாட்டிக்கொண்டார். குளிராக இருக்கலாம் என்று மச்சான் பெருந்தன்மையோடு எழுதிக்கொண்டார்.

அடுத்தது சமையலறை. சமையல் அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே பேசினார். “கடிகாரமா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஜெனரேட்டர் சோதனை. பத்து நிமிஷம் போல கரண்ட் இருக்காது. என் கரண்ட் அடுப்புல மணி கண்ணடிச்சுக்கிட்டே நிக்கும். கீழ இருக்கற கம்ப்யூட்டருக்குள்ள பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி. அது செத்துப்போயி ரெண்டு வருஷம் ஆச்சு. வெயில் காலத்துல எப்படியோ தாக்குப்பிடிக்கும். குளிர் வந்தா கரண்ட் இல்லாத நேரம் பூராத் தூங்கிடும். மாத்தச் சொல்லி எழுதிக்கொடுத்தோம். எழுதின பேப்பர்தான் மாறுச்சு.”

“இதை மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?”

“அவர் கேக்கலையே. கடிகாரம் சரியா இருக்குன்னு அவரே சொன்னப்புறம் நான் யாரு?”

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது மேனேஜர் அறையில் எல்லோரும் இருந்தார்கள். மேனேஜர் மேசைக்குப் பின்னால், ஜலதோஷத்தோடு. மேசைமேல் அந்தக் காகிதம், அதன் மேல் பேனா. தையல்காரப் பெண் கணவரின் பக்கத்தில் நின்றார். பாய்லர்காரரான அவர் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார். உள்ளே வந்ததிலிருந்து வெளியே எடுக்கவில்லை. வானிலை கதவோரம், சமையல் அக்கா அவருக்குப் பக்கத்தில்.

“சுருக்கமா முடிங்க,” என்றார் மேனேஜர். “எனக்கும் இது சந்தோஷமான வேலை இல்ல.”

“முடிச்சிடலாம்.” நிதானம் வானிலையின் பக்கம் திரும்பினார். “தம்பி, அன்னிக்குப் பனி எப்போ விழ ஆரம்பிச்சுது?”

வானிலை எதிர்பார்க்காத கேள்வி. “ஏழு... ஏழு ஆறு. படமே போட்டேனே.”

“நானும் பாத்தேன்,” என்றார் சமையல் அக்கா. “அப்பத்தான் ஆரம்பம்.”

“ரெண்டு பேரும் ஏழு ஆறுங்கறீங்க. கூரைல இருக்கற கருவி ஆறு அம்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கு. பனி விழறதுக்குப் பதினொரு நிமிஷம் முன்னாடியே அதுக்குத் தெரிஞ்சிருக்கு.” நிதானம் காகிதத்தை மேனேஜர் பக்கம் திருப்பி வைத்தார். “கருவி ஜோசியம் பாக்காது. அது எழுதற கடிகாரம்தான் பதினொரு நிமிஷம் பின்னால இருந்திருக்கு. முந்தின நாள் ஜெனரேட்டர் சோதனையில தூங்கினது. அப்படின்னா ஆறு அம்பத்தெட்டுன்னு பதிவானது நிஜத்துல ஏழு ஒன்பது.”

தையல்காரப் பெண்ணின் கை கணவரின் முழங்கையைப் பிடித்தது.

“நானே பாத்தேன் சார், கடிகாரம் சரியா இருந்துது,” என்றார் மேனேஜர்.

“பத்து மணிக்குச் சரியாத்தான் இருந்திருக்கும். ஏழு பதினாலுக்கே சரி பண்ணிட்டாங்க. பதிவுலயும் தழும்பு இருக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளி வெப்பம் எழுதற மெஷின், ஏழு மணிக்கு எழுதிட்டு நேரா ஏழு இருபதுக்குப் போயிடுச்சு. ஏழு பத்துன்னு ஒரு நேரமே அன்னிக்கு அதுக்கு வரல. தாண்டிக் குதிக்க வச்சுட்டாங்க.”

மச்சான் துள்ளி எழுந்தார். “வேணும்னே கடிகாரத்தை மாத்தி, பழியை இவர்மேல...” என்று விரலை வானிலையின் மார்புக்கு நேரே நீட்டினார்.

“உக்காருங்க மச்சான். எல்லாத் திங்களும் செய்யற வேலை அது. ஊருக்கே சொல்லிட்டுச் செஞ்சிருக்கார்.” பிறகு நிதானம் பாய்லர்காரரைப் பார்த்தார். “எனக்கு ஒண்ணு புரியல. உங்களுக்குத்தான் தெரியும். ஃபில்டர் சுத்தம் பண்ணும்போது பர்னரை எப்படி நிறுத்துவீங்க?”

பாய்லர்காரர் நிமிர்ந்து பார்த்தார். தொண்டையைச் செருமினார். “பத்து நிமிஷ நிறுத்தம்னு ஒரு பட்டன் இருக்கு. அழுத்தினா நிக்கும். திரும்ப எத்தனை மணிக்கு ஆரம்பிக்கணும்னு மெஷின் குறிச்சுக்கும். அந்த நிமிஷம் வந்தா தானாப் பத்திக்கும்.”

“அதோட கடிகாரத்துல ஆறு அம்பத்தெட்டுக்கு அழுத்தினா?”

“ஏழு எட்டுக்குப் பத்திக்கும்.”

“ஏழு மூணுல இருக்கும்போது யாரோ கடிகாரத்தை ஏழு பதினாலுக்குத் தள்ளிட்டா?”

பாய்லர்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். கை பையிலிருந்து வெளியே வந்து காற்றில் ஏதோ பட்டனைத் தேடியது. “ஏழு எட்டு வராது,” என்றார். குரல் மெல்ல ஏறியது. “அது பழைய மெஷின். தாண்டிப் போச்சா இல்லையான்னு யோசிக்காது. ஏழு எட்டுன்னு நம்பர் நிக்கணும். நிக்கலைன்னா மறுநாள் காலை ஏழு எட்டு வரைக்கும் சும்மாக் காத்துக்கிட்டிருக்கும். அதனாலதான் கடிகாரத்தை முதல்ல சரி பண்ணிட்டு அப்புறம் நிறுத்துவாங்க. எப்பவும் அப்படித்தான்.”

“எப்பவும் அப்படித்தான்,” என்றார் நிதானம். “மத்தத் திங்கள்ல ஏழு மூணு, ஏழு நாலுக்கே மணி சொல்லியாச்சுன்னு மெசேஜ் இருக்கு. அன்னிக்கு மட்டும் முதல் பனி. வெளிய ஓடிப் படம் எடுத்துட்டு வந்து, நேரா ஃபில்டருக்குப் போயாச்சு. நடுவுல ஒருத்தர் அன்பா ஞாபகப்படுத்தினதும் கடிகாரம் திருத்தியாச்சு. தானாப் பத்திக்கும்னு நம்பி, நடைபாதையில பனி அள்ளப் போயாச்சு. நோட்டுல ஃபில்டர் சுத்தம் பண்ணினதாக் குறி இருக்கு. ஆனா அன்னிக்குக் காலைல பர்னர் நின்னது ஒரே ஒரு தடவைதான். ஆறு அம்பத்தெட்டு இவரோடதுன்னா, ஃபில்டருக்கு நிறுத்தினது எங்கே?”

சமையல் அக்காவின் கரண்டி அப்போதும் கையில்தான் இருந்தது. “ஐயோ, நான்தானே கேட்டேன், மணி சொல்லிட்டியான்னு,” என்றார் மெதுவாக.

வானிலை குல்லாவைக் கழற்றினார். “நான்தான் அழுத்தினேன்,” என்றார். “ஒன்பது நாப்பதுக்கு வந்து பாத்தா பர்னர் பத்தல. என்ன ஆச்சுன்னே புரியல. அப்புறம் மேனேஜர் ஆறு அம்பத்தெட்டுன்னார். எனக்கு... அது நான் இல்லாத நேரம்னு தோணுச்சு. கம்ப்யூட்டரே சொல்லுதே, அப்போ நான் இல்லையோன்னு. கடிகாரம் லேட்டா இருந்தது ஞாபகம் வந்துது. வராத மாதிரி இருந்துட்டேன். எனக்கு ரெண்டு பசங்க அண்ணே.” கடைசி வார்த்தை பாய்லர்காரருக்கு.

மேனேஜர் மூக்கைச் சிந்தினார். ஜலதோஷம் அவருக்கு அந்த நேரத்தில் வசதியாக இருந்தது. மேசைமேல் இருந்த காகிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். பிறகு, “அந்த பேட்டரி விண்ணப்பம் எங்கிட்டதான் இருக்கு,” என்றார், யாரையும் பார்க்காமல்.

தையல்காரப் பெண்ணுக்குக் கோபம் வந்தது. ஒன்பது நாள் கோபம். “உன் பிள்ளைங்களுக்கு நான் தைச்ச சட்டை இன்னும் கிழியலடா. வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கே. இந்த மனுஷன் வெந்நீரைத் தொடப் பயந்தப்போ நீ பனி எப்படிக் கொட்டுதுன்னு மெசேஜ் போட்டுக்கிட்டிருந்தியா?”

“போடல அண்ணி. அன்னிக்கு அப்புறம் ஒண்ணுகூடப் போடல.”

அது உண்மை. மச்சான் கைபேசியில் தேடிப் பார்த்தார். அந்தத் திங்களுக்குப் பிறகு வானிலையிடமிருந்து ஒரு வரிகூட இல்லை.

பாய்லர்காரர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், கடன் கொடுத்த பொருள் திரும்பி வந்தால் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு வானிலையிடம் போனார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து மச்சான் பாதி எழுந்தார்.

“தூங்கினியா?” என்றார் பாய்லர்காரர்.

“இல்லண்ணே.”

“நானும் இல்ல.” கையைக் கீழே விட்டார். “டீச்சரைப் போய்ப் பாத்தியா?”

வானிலை தலையசைத்து மறுத்தார். “எந்த முகத்தோட போறது?”

“நானும் போகல. நான்தான்னு நெனச்சு போகல.” அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டார், விரல்கள் பிசகவில்லை. “அஞ்சு மணி வரைக்கும் பாக்க விடுவாங்க. வா.”

“என்னன்னு சொல்றது அண்ணே?”

“நடந்ததைச் சொல்லு. மணியைச் சரியாச் சொல்லு, போதும்.”

இருவரும் வெளியே போனார்கள். தையல்காரப் பெண் ஒரு நிமிடம் நின்றார். பிறகு அவரும் மஃப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டு, சத்தம் போட்டு அவர்களைத் திட்டியபடியே பின்னால் ஓடினார்.